பொம்மை ரயிலும் லோகோ ஷெட்டும்

- ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், விஜயபுரம்



ரயில் எஞ்சினை ஓட்டுவது எப்படி என்று என்னிடம் கேட்காத குழந்தை இல்லை. கல்யாண வீடானாலும் சரி, ரயில் பயணமானாலும் சரி, "இந்தத் தாத்தா ரயில்வேயில் இருந்தவர்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்தக் கேள்வி வந்துவிடும். எஞ்சினை நிறுத்துவது எப்படி என்று கேட்டவன் என் பேரன் ஒருவன்தான். அதுவும் நிஜ எஞ்சின் அல்ல. ஒரு சாண் நீளமுள்ள பொம்மை எஞ்சின்.

அவனுக்குப் பதினொரு வயது. உங்கள் ஊரில்தான் வளர்கிறான். இந்த மலர் அவன் வீட்டுக்கும் வருகிறது. பேஸ்மென்ட்டில் ஒரு பழைய மேசை மேல் பிளைவுட் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, அட்டையால் ஒரு லோகோ ஷெட்டும் கட்டியிருக்கிறான். ஷெட்டுக்குள் இரண்டு தடங்கள், மேலே கூரை. எஞ்சின் உள்ளே நுழைந்ததும் கூரை மறைத்துவிடுகிறது. எங்கே நிற்கிறது என்று தெரிவதில்லை. சில நாள் வாசலிலேயே நின்று வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில நாள் பின்சுவரில் முட்டும். ஒரு நாள் அட்டைச் சுவரைப் பிய்த்துக்கொண்டு மறுபக்கம் வந்து, மேசையிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தது. பிறந்த நாளுக்கு வந்த பணத்தையெல்லாம் சேர்த்து வாங்கிய எஞ்சின்.

"கரண்ட்டை நிறுத்தினா நின்னுடணும் இல்லையா தாத்தா? அப்புறம் ஏன் இடிக்குது?" என்று தொலைபேசியில் கேட்டான். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடித்தான் உலகமெங்கும் ரயில்வேக்காரர்கள் இருநூறு ஆண்டுகளாக மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொம்மை ரயில் பெட்டியிலிருந்து வெளியே வரும் என்று கேள்விப்படுகிறேன். அப்பாக்களுக்கும் பயன்படலாம். (பிள்ளைகள் தூங்கிய பிறகு ரயில் ஓட்டுவது யார் என்று எனக்குத் தெரியும்!)

முதலில் நிஜ ரயிலிலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நான் இப்போது இருக்கும் விஜயபுரம், ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், நகரிக்குப் பக்கம். தமிழ்நாட்டு எல்லை வெகு அருகில். கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து வரும். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் பாதை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. திருத்தணியைத் தாண்டினால் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு சிறு நிலையம். சென்னை சென்ட்ரலுக்கு 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டும் வரை, நாட்டிலேயே நீளமான பெயருடைய நிலையம் என்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர். சென்னையையும் மும்பையையும் இணைக்கும் பழைய பெரும்பாதை இது. ஒரு பக்கம் அரக்கோணத்தில் மின்சார லோகோ ஷெட் இருக்கிறது. இரவில் காற்று திரும்பினால் எஞ்சின் ஊதும் ஓசை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும்.

இதே பாதையில் போகும் சென்னை - மும்பை மெயிலுக்கு 2017 நவம்பர் 8-ஆம் தேதி கர்நாடகத்து வாடி சந்திப்பில் ஒரு விநோதம் நடந்தது. அப்போது வாடிக்கு அப்பால் மின்கம்பி போடவில்லை. ஆகவே வழக்கம்போல் மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு, டீசல் எஞ்சினை மாட்டினார்கள். மெயில் புறப்பட்டுப் போயிற்று. கழற்றிவிடப்பட்ட மின்சார எஞ்சின், ஓட்டுநர் இறங்கிய பிறகு, தானாக நகர ஆரம்பித்தது. நகர்ந்தது ஓடிற்று. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள எஞ்சின், உள்ளே ஆள் இல்லாமல், சுமார் 13 கிலோமீட்டர் ஓடியது. எதிரே வந்த வண்டிகளை நிறுத்தி, பாதையைக் காலி செய்து கொடுத்தார்கள். ரயில்வே ஊழியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் துரத்திச் சென்று, நால்வார் அருகே வேகம் குறைந்தபோது தாவி ஏறி அதை நிறுத்தினார். சினிமாவில் காட்டினால் நம்ப மாட்டோம். நல்ல வேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இதைவிடப் பெரியது 2024 பிப்ரவரி 25-இல் நடந்தது. ஜம்முவின் கதுவா நிலையத்தில் நின்ற சரக்கு வண்டி ஒன்று, ஜல்லி ஏற்றிய 53 வேகன்களோடு, ஓட்டுநர் இல்லாமல் சரிவில் உருண்டு, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, பஞ்சாபில் முக்கேரியன் பக்கத்தில்தான் நின்றது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த எஞ்சின்கள் முதலில் நின்றுகொண்டுதான் இருந்தன. நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியதை அங்கேயே நிற்க வைப்பது இன்னொரு வேலை. பேரனிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். ஷெட் என்பது இந்த இரண்டாவது வேலைக்காகவே ஏற்பட்ட இடம்.

ஷெட்டுக்குள் எஞ்சின் நிற்கும் தடத்தின் நடுவே நீளமாக ஒரு குழி இருக்கும். ஃபிட்டர் அதற்குள் இறங்கி, எஞ்சினின் வயிற்றுக்கு அடியில் நின்று பிரேக் கட்டை மாற்றுவார், ஆயில் பார்ப்பார். அவர் தலைக்கு மேல் நூறு டன். அது ஒரு முழம் நகர்ந்தாலும் போதும், வீட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டி வரும். அதனால்தான் ஷெட்டில் எஞ்சினுக்கு ஒரு பிரேக்கை மட்டும் நம்புவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு தொல்லை உண்டு. வேலை முடிந்து ஷெட்டுக்கு வந்து, நெருப்பை இறக்கிய பிறகும் கொதிகலனுக்குள் அழுத்தம் பல மணி நேரம் தங்கியிருக்கும். நீராவியை சிலிண்டருக்கு விடும் ரெகுலேட்டர் வால்வு தேய்ந்து போயிருந்தால், மூடிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிந்த நீராவி சிலிண்டரில் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் எஞ்சினைத் தள்ளிவிடும். ஆகவே திசை மாற்றும் கைப்பிடியை நடுவில் வைக்க வேண்டும். சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறந்துவிட வேண்டும். கைப்பிரேக்கை முறுக்க வேண்டும். கடைசியாகச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். ஒரு ஷெட்டில் விடியற்காலை ஷிப்ட்டில் இருந்தபோது, மரம் நெரிபடும் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தோம். ஆளில்லாத எஞ்சின் ஒன்று விரற்கடை அளவு நகர்ந்து, ஆப்பின் மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. குழியில் இருவர் இருந்தார்கள். அன்று அவர்களைக் காப்பாற்றியது சில ரூபாய் விலையுள்ள மரக்கட்டை.

டீசலும் மின்சாரமும் வந்த பிறகு கதை மாறியது, ஆனால் முடியவில்லை. இவற்றில் பிரேக் பிடிப்பது அழுத்திய காற்று. எஞ்சினை அணைத்துவிட்டால் கம்ப்ரஸர் நின்றுவிடும். காற்று எங்காவது மெல்லக் கசியும். மாலையில் இறுக்கமாகப் பிடித்திருந்த பிரேக், காலையில் தளர்ந்திருக்கும். இதற்கு நல்ல தீர்வு, இப்போது நீங்கள் ஊருக்கு வரும்போது பார்க்கும் டபிள்யூஏபி-7 போன்ற எஞ்சின்களில் இருக்கிறது. நிறுத்தி வைக்கும் பிரேக்கை ஸ்பிரிங் பிடிக்கிறது. காற்று அதை விடுவிக்கிறது. காற்று போய்விட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பழுதுபட்டால் ஆபத்தில்லாத பக்கம் விழ வேண்டும் என்பது ரயில்வே பொறியியலின் அரிச்சுவடி. அப்படியும் ஷெட்டில் ஆப்புக்கட்டையை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை.

தரையின் சரிவும் முக்கியம். நம் ரயில்வேயில் நிலைய வளாகத்துக்குள் அகலப் பாதையின் சரிவு 400-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. 1200-க்கு 1 இருந்தால் நல்லது. 400 மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு டன்னையும் அது இரண்டரைக் கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும். உருளை பேரிங் போட்ட இக்காலத்துச் சக்கரங்களுக்கு அதுவே போதும்.

இனி மேசைக்கு வருவோம்.

கடைகளில் அதிகம் கிடைப்பது எச்ஓ என்னும் அளவு. நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆகவே இந்திய எஞ்சின் பொம்மையை இந்தத் தண்டவாளத்தில் ஓட்டுவது, அகன்ற ஆளுக்கு ஒடுங்கிய செருப்பு மாட்டுவது போல. பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை. எனக்குத்தான் உறுத்தும்.

எடையைப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87-இல் ஒரு பங்காகும்போது, எடை 6,58,503-இல் ஒரு பங்காக வேண்டும். 112.8 டன் எடையுள்ள டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினுக்கு 171 கிராம்தான் வருகிறது. இவ்வளவு இலேசானது நிற்க ஏன் சிரமப்படுகிறது?

உண்மையில் அது சிரமப்படுவதில்லை. நல்ல பொம்மை எஞ்சின்களில் மோட்டாரின் அச்சில் திருகு போன்ற ஒரு பல்சக்கரம் இருக்கும். மோட்டார் சுற்றினால் சக்கரம் சுற்றும்; ஆனால் சக்கரத்தைக் கையால் தள்ளினால் மோட்டார் சுற்றாது, பூட்டிக்கொள்ளும். நிஜ எஞ்சினுக்கு மின்சாரத்தைத் துண்டித்தால் கிலோமீட்டர் கணக்கில் உருளும். மின்சார ரயில் பாதையில் இடையிடையே மின்கம்பியில் மின்சாரமே இல்லாத சிறு பகுதிகள் உண்டு. ஓட்டுநர் எஞ்சினின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஓடிய வேகத்திலேயே அதைக் கடந்து போவார். வண்டியில் இருக்கும் நமக்குத் தெரியவே தெரியாது. பொம்மை ரயிலோ அப்படி ஓர் இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடும். நிஜ ரயிலில் தொல்லை உருளுவது. பொம்மை ரயிலில் தொல்லை, மின்சாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. பேரன் பொத்தானை அணைக்கும் கணம் ஒவ்வொரு முறையும் வேறு. கண்ணுக்குத் தெரியாத எஞ்சினைக் கணக்காக நிறுத்த மனிதக் கையால் முடியாது. அந்த வேலையைத் தண்டவாளத்திடமே விட்டுவிட வேண்டும்.

அதற்கு முன் வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் ஏறத்தாழ கால் பங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை 87-ஆல் வகுத்தால் வினாடிக்கு 4.8 சென்டிமீட்டர் வருகிறது. ஒரு எஞ்சின் தன் நீளத்தைக் கடக்க நான்கு வினாடி ஆக வேண்டும். பேரனின் எஞ்சின் அரை வினாடியில் கடந்துகொண்டிருந்தது. நிஜக் கணக்கில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஷெட்டுக்குள் நுழைகிறான்! எங்கள் காலத்தில் இப்படி நுழைந்தால் மறுநாள் அதிகாரி முன் கைகட்டி நிற்க வேண்டும். வாயால் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" எண்ணிப் பழகச் சொன்னேன்.

சாதாரண நேர் மின்சாரத்தில், 12 வோல்ட்டில் ஓடும் ரயிலுக்கு இருப்பதிலேயே அழகான ஏற்பாடு ஒரு டயோடு. சில ரூபாய், உங்கள் ஊரில் சில காசு. டயோடு என்பது மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை. ஒரு திசையில் விடும், மறு திசையில் விடாது. இந்த ரயில்களில் எஞ்சின் முன்னே போவதும் பின்னே வருவதும் மின்சாரம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது.

ஷெட்டின் பின்சுவரைப் பார்த்து நில்லுங்கள். முட்டுக்கட்டையிலிருந்து எஞ்சின் நீளமும், அதற்கு மேல் ஒரு கையகலமும் அளந்து, அந்த இடத்தில் வலது பக்கத் தண்டவாளத்தை மட்டும் வெட்டுங்கள். இரும்பு இணைப்புக்குப் பதில் பிளாஸ்டிக் இணைப்பு போடுங்கள். இப்போது வெட்டுக்கு அப்பால் மின்சாரம் இல்லை. வெட்டின் இரு பக்கத்தையும் ஒரு டயோடால் இணையுங்கள். 1என்4001 என்று கேட்டால் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஓர் ஆம்பியர் வரை தாங்கும், எச்ஓ எஞ்சின் ஒன்றுக்குத் தாராளம். கறுப்பு உருளையில் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். அந்தக் கோடு ஷெட் வாசல் பக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எஞ்சின் உள்ளே வரும். வெட்டைத் தாண்டியதும் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். நீங்கள் பொத்தானை முழுவதும் திருகி வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் காப்பி குடித்தாலும் அது நகராது. கட்டுப்பாட்டுக் கருவியில் திசையை மாற்றினால், டயோடு இந்த முறை வழிவிடும். எஞ்சின் சமர்த்தாக வெளியே வரும். மறந்து போவதற்கு இதில் பொத்தான் எதுவும் இல்லை. எஞ்சின் உள்ளே நிற்காமல் போய் முட்டி, பிறகு வெளியே வர மறுத்தால் டயோடு தலைகீழாக இருக்கிறது என்று பொருள். திருப்பி வையுங்கள்.

பேரனின் முதல் முயற்சியில் எஞ்சின் நின்றது, ஆனால் சுவரில் முட்டிய பிறகு. காரணம் என்னவென்றால், எஞ்சின் ஒரே ஒரு சக்கரத்தால் மின்சாரம் எடுப்பதில்லை. முன்னும் பின்னும் பல சக்கரங்கள் எடுக்கும். அந்தப் பக்கத்துக் கடைசிச் சக்கரமும் வெட்டைத் தாண்டும் வரை மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். நீராவி எஞ்சின் பொம்மையானால், பின்னால் வரும் நிலக்கரி வண்டியின் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கலாம். அதையும் சேர்த்து அளக்க வேண்டும். விலை உயர்ந்த எஞ்சின்களில் கனமான சுழல் சக்கரம் ஒன்று உள்ளே இருக்கும். அது இன்னும் சில சென்டிமீட்டர் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே உங்களிடம் இருப்பதிலேயே நீளமான எஞ்சினை எடுத்து, கூரையைக் கழற்றிவிட்டு, ஷெட் வேகத்தில் ஓட்டிப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, அதன் பிறகே வெட்டும் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அளக்காமல் வெட்டுகிறவனுக்கு ரயில்வேயில் வேலை இல்லை என்று என் ஃபோர்மேன் சொல்வார்.

ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின்களை நிறுத்த ஆசைப்பட்டால் ஒரு டயோடு போதாது. முன்னால் நிற்பது பத்திரமாக இருக்கும். பின்னால் வருவது அதன் முதுகில் முட்டும். இரண்டாவது எஞ்சினுக்கும் தனியாக ஒரு துண்டு ஒதுக்கி, அதற்கு ஒரு சுவிட்ச் வைத்துவிடுவது நல்லது. நிஜ மின்சார ஷெட்டிலும் இப்படித்தான். எஞ்சினின் கூரை மேல் ஏறி வேலை செய்ய வேண்டுமானால், அந்தத் தடத்தின் மின்கம்பியை மட்டும் துண்டித்து, அதைப் பூமியோடு இணைத்த பிறகே ஆளை ஏற்றுவார்கள். 25,000 வோல்ட் இரண்டாம் வாய்ப்புத் தராது.

ஷெட்டின் இரண்டு தடங்களும் பிரியும் இடத்தில் இருக்கும் பாயிண்ட்டும் உதவி செய்யும். பீகோ போன்ற நிறுவனங்களின் சில வகைப் பாயிண்ட்டுகள், எந்தத் தடத்துக்கு வழி திறந்திருக்கிறதோ அதற்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். முதல் தடத்துக்கு வழி விட்டிருக்கும்போது இரண்டாம் தடத்து எஞ்சின் உயிரில்லாமல் கிடக்கும். ஒரு எஞ்சினை எடுக்கப் போய் இரண்டும் கிளம்பி வருவது இதனால் தவிர்க்கப்படும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறை ரயில் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன ஒற்றை டயோடை நம்ப வேண்டாம். அதில் தண்டவாளத்து மின்சாரம் ஓயாமல் திசை மாறிக்கொண்டிருக்கும். எஞ்சினின் திசையை உள்ளே இருக்கும் சிறு மூளை தீர்மானிக்கிறது. அதில் இன்னொரு புதுத் தொல்லை வேறு. அழுக்குத் தண்டவாளத்தில் திக்கித் திணறாமல் ஓடுவதற்காக இக்கால எஞ்சின்களில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர் பொருத்துகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் மின்சாரம் இல்லாத துண்டில் நுழைந்தாலும், சேமிப்பை வைத்துக்கொண்டு அது ஓடிக்கொண்டே இருக்கும். நீராவி எஞ்சினின் கொதிகலனில் தங்கிய அழுத்தம் மாதிரியே இது! இதற்கு லென்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் ஒரு வழி கண்டது. வெட்டின் குறுக்கே ஒரு திசைக்கு நான்கைந்து டயோடுகளும் மறு திசைக்கு ஒன்றுமாக வைத்தால், இரு பக்க மின்னழுத்தமும் சற்று ஏற்றத்தாழ்வாகும். அதைக் கண்டதும் எஞ்சினின் மூளை, 'நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டது' என்று புரிந்துகொண்டு மெல்ல வேகத்தைக் குறைத்து நிற்கும். எல்லா எஞ்சினுக்கும் இது புரியாது. கையேட்டில் பார்த்து, சிவி 27 என்ற அமைப்பை மாற்றிவிட வேண்டும். இது என் பேரனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்தான்.

இவ்வளவு செய்த பிறகும் பின்சுவருக்கு முன்னால் ஒரு முட்டுக்கட்டை வேண்டும். ஆனால் அதை நிறுத்தும் கருவியாக எண்ணக் கூடாது. 2022 ஏப்ரல் 24 அன்று சென்னைக் கடற்கரை நிலையத்தில், யார்டிலிருந்து காலியாக வந்த மின்தொடர் வண்டி ஒன்று, தடத்தின் முடிவிலிருந்த தடுப்பை உடைத்துக்கொண்டு நடைமேடை மேலேயே ஏறிவிட்டது. பயணிகள் யாரும் உள்ளே இல்லை. அதற்கு வெகு காலம் முன்பு, 1895-இல் பாரிஸ் நகர மோன்பர்னாஸ் நிலையத்தில் ஒரு ரயில் சுவரை உடைத்து வெளியே வந்து, மாடி உயரத்திலிருந்து தெருவில் தொங்கியது. கீழே நின்ற ஒரு பெண் இறந்தார். தடுப்பு என்பது மற்ற எல்லாம் தவறிய பிறகு சேதத்தைக் குறைக்க. மேசையில் அதற்குப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கட்டை விரல் கனத்துக்கு வெட்டி ஒட்டினால் போதும். மேசை விளிம்பில் ஷெட்டைக் கட்டியிருந்தால், விளிம்பில் நான்கு விரல் உயரத்துக்குப் பலகை அடியுங்கள். தரை சிமென்ட்டாக இருந்தால் அவசியம் அடியுங்கள்.

மேசையின் மட்டத்தையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எஞ்சின் திருகுப் பல்லால் பூட்டிக்கொண்டு நிற்கும். பெட்டிகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது. ஊசிமுனை அச்சில் ஓடுவதால் மிகச் சிறு சரிவிலும் உருண்டு போய்விடும். அவற்றுக்கு ஒரு தீக்குச்சித் துண்டு ஆப்பாகப் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தண்டவாளத்து 12 வோல்ட் குழந்தையை ஒன்றும் செய்யாது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் செய்யும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், இந்தியாவில் 230. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளை ரயில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருவான். அங்கே வாங்கிய மின்மாற்றியை இங்கே அப்படியே சொருகினால் நிமிடத்தில் புகை வரும். அடிப்பக்கத்தில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் சொருகாதீர்கள். பழைய காலத்து மின்மாற்றியின் வயரில் உறை வெடித்திருந்தால் ஆசையாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். தண்டவாளத்தில் பற்றவைக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டே செய்ய வேண்டும். ஆட்டம் முடிந்ததும், எஞ்சின் டயோடுக்குப் பின்னால் பத்திரமாக நின்றாலும், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு இடங்கள் உண்டு. புனேயில் கோத்ரூட் பகுதியில் பி.எஸ். ஜோஷி என்பவர் தொடங்கிய சிற்றுரு ரயில் காட்சியகம், 1998-இலிருந்து இருக்கிறது. ஒரு நகரம் முழுவதையும் மேசை மேல் ஓட்டிக் காட்டுகிறார்கள். சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகே 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் நிஜ எஞ்சின்களே நிற்கின்றன. அங்கே போனால் எல்லோரும் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். வருடக்கணக்காக நகராமல் நிற்கும் எஞ்சினாயிற்றே, அதற்கும் ஆப்பு வைத்திருக்கிறார்களா என்று தேடச் சொல்லுங்கள்.